கினிப்பன்றிக்கு வீட்டிலேயே பச்சைப்புல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் பல வருடங்களாகக் கினிப்பன்றிகள் வளர்க்கிறேன். பிள்ளை ஆசைப்பட்டது என்று வாங்கிவந்து, கேரட்டும் முட்டைக்கோசும் போட்டு, கொஞ்ச நாளில் "என்னமோ சரியில்லை" என்று போன் செய்பவர்கள்தான் அதிகம். பேசிப் பார்த்தால் பாதிப் பேர் வீட்டில் அந்தப் பிராணி ஒரு பிடி புல்கூடப் பார்த்திருக்காது. புல் வளர்க்கச் சொன்னால் அடுத்து வரும் சந்தேகங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். எல்லாம் நம் கடலோர ஊர்களின் வெயிலுக்கும் மழைக்கும் தண்ணீருக்கும் ஏற்றபடி சொல்லியிருக்கிறேன்.

கினி பிக்குக்குப் புல் அவ்ளோ முக்கியமா? கேரட், வெள்ளரிக்காய் எல்லாம் நல்லாத்தானே சாப்பிடுது?

முக்கியம். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் பல ஆயிரம் வருடங்களாக மனிதர்கள் வளர்த்துவரும் பிராணி இது. அதன் உடம்பு முழுக்கப் புல்லுக்காகவே அமைந்தது. பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் மட்டுமல்ல, கடைவாய்ப் பற்களும்தான். நாள் முழுக்க நார் உள்ளதை அரைத்துக்கொண்டே இருந்தால்தான் அவை தேயும். தேயாமல் நீண்டால் நாக்கின் மேல் வளைந்து, வாயை அசைக்கவே முடியாமல் போய்விடும்.

ஒரு நீளமான அருகம்புல்லை நீட்டிப் பாருங்கள். நுனியையோ அடியையோ பற்றிக்கொண்டு, தாடையை அப்படியும் இப்படியும் நகர்த்தி, கையால் தொடாமலே இழை முழுவதையும் உள்ளே இழுத்துவிடும். ஒரு இழைக்கு எத்தனை அரைப்பு என்று எண்ண முடியாது, அவ்வளவு வேகம். ஒரு துண்டு கேரட்டில் இந்த வேலை கிடையாது. கேரட்டில் சர்க்கரையும் அதிகம். வாரத்தில் ஓரிரு முறை சின்னத் துண்டாகக் கொடுத்தால் போதும்.

கடையில விக்கிற டிமோத்தி புல்லே போதுமே. பச்சைப்புல் வேற எதுக்கு?

காய்ந்த புல்தான் அடிப்படை உணவு. அது இரவும் பகலும் கூண்டில் இருக்க வேண்டும், அதில் மாற்றமே இல்லை. ஆனால் நம் ஊரில் கிடைக்கும் டிமோத்தி பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. விலை அதிகம், எப்போதும் கிடைப்பதுமில்லை. தீர்ந்துபோன நாளில் வேறு வழி தெரியாமல் தீவனக் குச்சிகளையும் காய்கறியையும் கொட்டிவிடுகிறோம். வயிற்றுக் கோளாறுகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

பச்சைப்புல்லில் தண்ணீர்ச்சத்து உண்டு, ஓரளவு வைட்டமின் சி உண்டு. காய்ந்த புல்லில் அந்த வைட்டமின் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் பெரிதாக நினைக்கும் காரணம் இன்னொன்று: வீட்டில் வளர்த்த புல்லின் மேல் என்னென்ன பட்டிருக்கிறது என்று நமக்குத் தெரியும். வாய்க்கால் ஓரத்திலும் காலி மனையிலும் அறுத்த புல்லில் களைக்கொல்லி, நாய் மூத்திரம், எலி மூத்திரம் எதுவும் இருக்கலாம். கழுவினால் எல்லாம் போய்விடாது.

எந்தப் புல்லை வளர்க்கலாம்? லிஸ்ட் சொல்லுங்க அக்கா.

முதலிடம் அருகம்புல்லுக்கு. ஒருமுறை தொட்டியில் பிடித்துவிட்டால் வருடக்கணக்கில் வரும், நாரும் நன்றாக இருக்கும், நம் உப்புக்காற்றைத் தாங்கும். அடுத்து கோதுமைப்புல். பத்து நாளுக்குள் வெட்டிவிடலாம், யார் வேண்டுமானாலும் வளர்க்கலாம். இந்த இரண்டும் இருந்தால் போதும் என்பது என் கருத்து.

மாறுதலுக்கு மக்காச்சோளம், உமி நீக்காத பார்லி, ஓட்ஸ், கம்பு ஆகியவற்றின் நாற்றுகளையும் கொடுக்கலாம். நெல் நாற்றும் புல்தான், வீட்டில் முளைக்க வைத்தது என்றால் தாராளமாகக் கொடுங்கள். பாகூர், வில்லியனூர்ப் பக்கம் வயலில் இருந்து பிடுங்கி வந்தது என்றால் மருந்து அடித்த நாற்றா என்று தெரியாமல் கொடுக்க வேண்டாம். வெள்ளைச்சோளம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஏன் என்று பின்னால் மாட்டுத்தீவனக் கேள்வியில் சொல்கிறேன்.

கோதுமைப்புல் எப்படிப் போடுறது? எனக்கு எதுவுமே தெரியாது, ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க.

அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போட்டுப் பழகிய வீடு என்றால் உங்களுக்குப் பாதி வேலை தெரியும். முளைப்பாரியை இருட்டில் வைத்து வெளுப்பாக வளர்ப்பார்கள், நமக்குப் பச்சை வேண்டும் என்பதால் வெளிச்சத்தில் வளர்க்கிறோம். அப்புறம், நவதானியம் என்று மொச்சை, பயறு எல்லாம் கலந்துவிடக் கூடாது. தனிக் கோதுமைதான்.

ஒரு அடிக்கு ஒரு அடி தட்டுக்கு 100 முதல் 150 கிராம் முழுக் கோதுமை எடுங்கள். ரேஷன் கோதுமையும் முளைக்கும், ஆனால் புழு அரித்ததையும் உடைந்ததையும் புடைத்து எடுத்துவிட வேண்டும். உடைந்த மணி முளைக்காது, அழுகும். அதில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும். இரண்டு மூன்று முறை கழுவி, 8 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைச் சுத்தமாக வடித்து, ஈரத் துணியில் மூட்டை கட்டி ஒரு நாள் வையுங்கள். நம் ஊர் வெக்கைக்கு மறுநாளே வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும்.

அடியில் ஓட்டை உள்ள தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குத் தென்னைநார்த் தூளைப் பரப்புங்கள். அந்தத் தூளில் உப்பு இருக்கும், இரண்டு முறையாவது நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்துகொள்ளுங்கள். முளைத்த கோதுமையை ஒரே அடுக்காகப் பரப்பி, மேலே ஈரத் துணி போட்டு இரண்டு நாள் நிழலில் வைத்தால் போதும். மணிகள் ஒன்றையொன்று தொடலாம், ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. முளை ஒரு அங்குலம் வந்ததும் துணியை எடுத்துவிட்டுக் காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். ஏழு முதல் ஒன்பது நாளில் அரைச் சாணுக்கு மேல் வளர்ந்து நிற்கும். கத்தரிக்கோலால் அடியில் ஒரு அங்குலம் விட்டு வெட்டுங்கள். இரண்டாவது முறையும் வளரும், ஆனால் மெலிந்து வரும். மூன்றாவது வெட்டுக்குக் காத்திருக்காமல் தட்டைக் கொட்டிப் புதிதாகப் போட்டுவிடுவேன். மூன்று நாளுக்கு ஒரு தட்டு என்று போட்டு வந்தால் எப்போதும் ஒன்று வெட்டத் தயாராக இருக்கும். முதல் வெட்டுக்கு உரமே தேவையில்லை, மணிக்குள் இருக்கும் சத்தே போதும்.

மளிகைக் கடையில பார்லி வாங்கி ரெண்டு நாள் ஊற வெச்சேன். முளைக்கவே இல்ல, நாத்தம்தான் வருது. ஏன்?

கஞ்சிக்கு விற்கும் பார்லி தீட்டிய பார்லி. உமியோடு சேர்த்து முளைக்கும் பகுதியும் போயிருக்கும், எத்தனை நாள் ஊறவைத்தாலும் முளைக்காது. சமையலுக்கு விற்கும் தினையரிசி, சாமையரிசி, தட்டையாக நசுக்கிய ஓட்ஸ் எல்லாம் இதே கதைதான். உமியோடு இருக்கும் பார்லியை விதையாகக் கேட்டு வாங்க வேண்டும். கம்புக்கு இந்தத் தொல்லை இல்லை, முழுக் கம்பு அப்படியே முளைக்கும்.

விதைக் கடையில மக்காச்சோள விதை ரோஸ் கலர்ல இருந்துச்சு. அதைப் போடலாமா?

கூடவே கூடாது. அந்த நிறம் பூஞ்சைக்கொல்லியும் பூச்சிமருந்தும் பூசியதற்கு அடையாளம். வயலில் மாதக்கணக்கில் வளரும் பயிருக்கான மருந்து அது. நாம் எட்டு நாளில் வெட்டி, ஏறக்குறைய ஒரு கிலோ எடையே உள்ள பிராணிக்குக் கொடுக்கிறோம். எத்தனை முறை கழுவினாலும் நான் நம்ப மாட்டேன். ரோஸ், பச்சை, நீலம் என்று எந்தச் சாயம் இருந்தாலும் தொடாதீர்கள்.

மக்காச்சோளம் வேண்டுமென்றால் பாப்கார்னுக்கு விற்கும் வெறும் மணியை வாங்குங்கள். எண்ணெய், உப்பு சேர்த்த பாக்கெட் வேண்டாம். நன்றாக முளைக்கும், இலையும் அகலமாக வரும்.

அருகம்புல் எங்க இருந்து கொண்டுவந்து நடுறது? மணக்குள விநாயகர் கோவில் வாசல்ல வாங்குறதையே கொடுக்கலாமா?

பிள்ளையாருக்கு வாங்கும் அருகம்புல்லை நேராகக் கூண்டில் போடாதீர்கள். எங்கே அறுத்தது என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். வாடாமல் இருக்கத் தெளித்த தண்ணீர் எது என்றும் தெரியாது. ஆனால் நடுவதற்கு அது நல்ல சரக்கு. கணுவும் வேருமாக இருக்கும் கொடிகளைத் தேர்ந்தெடுத்து, இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாக நறுக்கி, ஓடும் தண்ணீரில் அலசி, அகலமான தொட்டியில் படுக்கை வசமாகப் புதையுங்கள். ஒரு கணு மண்ணுக்குள், ஒன்று வெளியே. பக்கத்துத் தோட்டத்தில் நல்ல புல் இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

வேர் பிடித்துப் பரவ ஒரு மாதம் பொறுத்திருங்கள். பிறகு பழைய இலைகளை எல்லாம் ஒட்ட வெட்டி எறிந்துவிட்டு, புதிதாகத் தளிர்ப்பதை மட்டும் கொடுக்க ஆரம்பியுங்கள். அந்தப் புதுத் தளிர் முழுக்க உங்கள் மண்ணிலும் உங்கள் தண்ணீரிலும் வளர்ந்தது. இரண்டு அங்குல மண், கொஞ்சம் மண்புழு உரம், ஐந்து மணி நேரமாவது வெயில், இவ்வளவுதான் அது கேட்பது. மூன்று நான்கு தொட்டி வைத்து மாற்றி மாற்றி வெட்டினால் ஓயாது.

தொட்டியில் கோரையும் சேர்ந்து முளைக்கும். தண்டை விரலிடையில் உருட்டிப் பாருங்கள். அருகு வழுக்கி உருளும், கோரை மூன்று பட்டையாக விரலில் தட்டும். தட்டுவதைக் கிழங்கோடு பிடுங்கிவிடுங்கள், விட்டால் தொட்டி முழுக்க அதுதான் இருக்கும்.

எங்களுக்கு மொட்டை மாடி கிடையாது. ஒரு சின்ன பால்கனி, அதுலயும் வெயில் வராது.

அப்படியென்றால் அருகம்புல்லை விட்டுவிடுங்கள். நிழலில் நூலாக இளைத்துப் போகும். கோதுமைக்கு நேர் வெயில் கட்டாயமில்லை, நல்ல வெளிச்சம் இருந்தாலே பச்சை பிடிக்கும். ஜன்னல் திண்டில் இரண்டு தட்டு போதும்.

கடலூர் தேவனாம்பட்டினத்துல இருக்கோம், போர் தண்ணி உப்புக் கரிக்கும். அதை ஊத்தலாமா?

கடலை ஒட்டிய இடங்களில் எல்லோருக்கும் இதே கவலைதான். அருகம்புல் ஓரளவு உப்பைத் தாங்கும், பார்லியும் தாங்கும். கோதுமை முளைக்கும் பருவத்தில் திணறும், நுனி கருகி மஞ்சளாகும். ஊறவைக்கவும் முதல் நான்கு நாள் தெளிக்கவும் மட்டுமாவது குடிதண்ணீரோ பிடித்துவைத்த மழைத்தண்ணீரோ பயன்படுத்துங்கள். அதற்கு ஒன்றும் பெரிய அளவு ஆகாது.

சுத்திகரிப்பு இயந்திரத்தில் இருந்து கழிவாக வெளியேறும் தண்ணீரை வீணாக்க வேண்டாமே என்று பலர் இதற்கு ஊற்றுகிறார்கள். வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான், தட்டுக்கு ஆகாது. தொட்டியில் உள்ள அருகம்புல்லுக்கும் எப்போதாவது மட்டும் ஊற்றலாம், பிறகு நல்ல தண்ணீரால் ஒருமுறை மண்ணை நனைத்து வடியவிட வேண்டும்.

கத்திரி வெயில்ல எல்லாம் கருகிப்போச்சு. மே மாசம் நிறுத்திடலாமா?

நிறுத்த வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். காலை ஒன்பது, பத்து மணிவரை வெயில் படும் கிழக்குப் பக்கம் போதும், அதன்பின் நிழல் வேண்டும். மாடித் தளத்தின் சூடு அடியில் இருந்து ஏறித்தான் வேர் வேகும், அதனால் தட்டைத் தரையில் வைக்காமல் செங்கல்லோ மரப்பலகையோ போட்டு அதன்மேல் வையுங்கள். ஊறவைத்த கோதுமை இந்த மாதத்தில் சீக்கிரம் புளித்துவிடும், ஆறு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "உங்கள் கினிப்பன்றி எங்கே இருக்கிறது?" என்றுதான். புல் மேயட்டும் என்று மாடிக்குத் தூக்கிப் போகாதீர்கள். அது மலைக்குளிரில் வாழ்ந்த இனம். 30 டிகிரிக்கு மேல் போனால் வெப்பத்தாக்கு வரும் அபாயம் உண்டு, நம் கடலோரப் புழுக்கம் அதை இன்னும் கூட்டும். உடம்பை நீட்டிப் படுத்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. குளிர்ந்த அறைக்குக் கொண்டுபோய், காதையும் பாதத்தையும் சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டே மருத்துவரிடம் கிளம்புங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றாதீர்கள். புல்லை அதனிடம் கொண்டுபோங்கள், அதைப் புல்லிடம் கொண்டுபோகாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகைல வெள்ளையா ஏதோ படருது. அது பூஞ்சையா, வேரா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. நிதானமாகப் பாருங்கள். முளைத்த இரண்டாம் மூன்றாம் நாள் ஒவ்வொரு வேரைச் சுற்றியும் மெல்லிய வெள்ளைப் பூனைமயிர் வரும். வேரைச் சுற்றி மட்டும், எல்லா மணியிலும் ஒரே மாதிரி இருக்கும். தண்ணீர் தெளித்தால் வேரோடு ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் போகும். முகர்ந்தால் பச்சை மாவு வாசனைதான் வரும். அது வேர்த்தூவி, நல்லது.

பூஞ்சை வேறு மாதிரி. ஒரு மணியில் ஆரம்பித்து அடுத்த மணிக்குத் தாவி, நூலாம்படை மாதிரி மேலே படரும். தண்ணீர் தெளித்தாலும் அப்படியே நிற்கும். பிறகு சாம்பல், கறுப்பு, பச்சை என்று நிறம் மாறும். மட்கிய வாசம் வந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். ஒரு மூலையில்தான் இருக்கிறது, மற்றதை வெட்டிக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். முழுத் தட்டையும் கொட்டிவிடுங்கள். பூஞ்சையின் நச்சு கண்ணுக்குத் தெரியாமல் இலைக்கும் பரவியிருக்கலாம், இவற்றுக்கு வாந்தி எடுக்கவும் முடியாது.

தடுக்க வழி, மழை மாதங்களில் மணியை வழக்கத்தில் பாதி அடர்த்தியாகப் போடுவது, மாலையில் தண்ணீர் தெளிக்காமல் காலையில் மட்டும் தெளிப்பது, காற்றாடியை மெதுவாக ஓடவிடுவது. மூடும் துணியை ஒவ்வொரு முறையும் கொதிநீரில் அலசி வெயிலில் காயப்போடுங்கள். வெயிலே இல்லையென்றால் இஸ்திரி போடுங்கள்.

தட்டு முழுக்க எறும்பு. சாக்பீஸ் கோடு போடலாமா?

எறும்புச் சாக்பீஸ் பூச்சிமருந்து. அதன் தூள் காற்றில் பறந்து புல்லில் படியும். வேண்டாம். பாட்டி காலத்தில் அலமாரிக் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பார்கள் இல்லையா, அதையே செய்யுங்கள். ஒரு சின்ன முக்காலி, காலுக்கு ஒரு கிண்ணம் தண்ணீர். கொசு முட்டையிடும் என்பதால் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றிவிட வேண்டும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு புல் போடலாம்?

இதுவரை பச்சைப்புல்லே தின்னாத பிராணி என்றால் முதல் இரண்டு நாள் நாலைந்து இழை மட்டும். புழுக்கை வழக்கம்போல் கெட்டியாக, நீள்வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் தினம் கொஞ்சம் கூட்டி, பத்துப் பதினைந்து நாளில் காலை ஒரு கைப்பிடி, மாலை ஒரு கைப்பிடி என்று கொண்டுவரலாம். புழுக்கை இளகினால் ஒரு படி பின்னால் வாருங்கள். குடலில் உள்ள நுண்ணுயிர்கள் புது உணவுக்குப் பழக அவகாசம் வேண்டும்.

பழகிய பிறகு அருகம்புல்லுக்கு நான் அளவே வைப்பதில்லை. கோதுமைப்புல்லுக்கு வைக்கிறேன், ஏனென்றால் அது இளசு, நார் குறைவு, தண்ணீர் அதிகம். எதைக் கொடுத்தாலும் காய்ந்த புல்லைத் தின்பது குறைகிறதா என்று கவனியுங்கள். குறைந்தால் பச்சை அதிகமாகிவிட்டது என்று பொருள்.

வெட்டாம, தட்டோட அப்படியே கூண்டுக்குள்ள வெச்சா பாவம் சந்தோஷமா மேயும்ல?

மேயும், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் இலையை முடித்துவிட்டு அடியில் ஊறிக் கிடக்கும் மணியைத் தோண்டித் தின்னும். அது மாவுச்சத்து, வயிற்றில் புளித்து வாயு பிடிக்கும். தென்னைநார்த் தூளும் சேர்ந்து உள்ளே போகும். பூஞ்சை இருந்தால் அதுவும் அடியில்தான் இருக்கும். அருகம்புல் தொட்டியை அப்படி வைக்கலாம், அதில் மணி இல்லை. அரைமணி நேரம் மேயவிட்டு வெளியே எடுத்துவிடுங்கள். அங்கேயே மூத்திரம் பெய்த தொட்டியைத் தண்ணீர் ஊற்றி நன்றாக அலசி, புதுத் தளிர் வரும்வரை ஓய்வு கொடுங்கள்.

எங்க ஆபீஸ் புல்தரையில மெஷின் போட்டு வெட்டுறாங்க. மூட்டை மூட்டையா சும்மா கிடைக்குது, வாங்கிக்கலாமா?

வேண்டாம். இயந்திரத்தில் நசுங்கி வெட்டுப்பட்ட புல் குவியலாகக் கிடந்தால் ஒரு மணி நேரத்திலேயே உள்ளே கை வைத்துப் பாருங்கள், சூடாக இருக்கும். புளிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதைத் தின்றால் வயிறு உப்பும். களைக்கொல்லி, இயந்திர எண்ணெய் வேறு.

வீட்டில் கத்தரிக்கோலால் வெட்டியதையும் இதே காரணத்துக்காகக் குவித்து வைக்காதீர்கள். வெட்டியவுடன் கொடுப்பது நல்லது. மிஞ்சினால் பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி பிரிட்ஜில் வைத்து, மறுநாளைக்குள் முடித்துவிடுங்கள்.

மாட்டுக்குப் போடுற கோ-4, சோளத்தட்டை, அகத்தி எல்லாம் எங்க ஊர்ல ஈஸியா கிடைக்கும். கொடுக்கலாமா?

சோளத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அது ஆளையே கவிழ்த்துவிடும். இளம் சோளப்பயிரில் சயனைடாக மாறும் ஒரு பொருள் இருக்கிறது. வெயிலில் வாடிய பயிரிலும், வெட்டியபின் மறுபடி துளிர்க்கும் தளிரிலும் இன்னும் அதிகம். மாடு வளர்ப்பவர்கள் இளஞ்சோளத்தில் மாட்டை இறக்க மாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நாம் வீட்டில் வளர்ப்பதெல்லாம் இளம் நாற்றுதான் என்பதால் சோளத்தை முழுவதும் ஒதுக்கிவிடுங்கள். மக்காச்சோளம் வேறு பயிர், அதற்கு இந்தப் பயம் இல்லை.

கோ-4 என்பது கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். விஷமில்லை, இளம் இலையை நறுக்கி வாரத்தில் ஓரிரு முறை கொடுக்கலாம். அதில் ஆக்சாலிக் அமிலம் கூடுதல், கினிப்பன்றிக்குச் சிறுநீர்ப்பைக் கல் வரும் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம், அதனால் தினசரி உணவாக வேண்டாம். அகத்தி, வேலிமசால், குதிரைமசால் மூன்றும் புல் இல்லை, பயறு வகைக் குடும்பம். புரதமும் சுண்ணாம்புச்சத்தும் மிகுதி. ஆறு மாதத்துக்குள் உள்ள குட்டிக்கும் சினையாக இருப்பதற்கும் குதிரைமசால் கொஞ்சம் கொடுக்கலாம், வளர்ந்ததற்கு எப்போதாவது ஒரு தழை போதும்.

எந்தப் புல்லாக இருந்தாலும் கதிர் விட்டுச் சுணை வந்தபின் கொடுக்காதீர்கள். கொழுக்கட்டைப்புல்லின் கதிரும் ஊசிப்புல்லின் முள்ளும் ஈறிலும் கண்ணிலும் குத்தி ஏறிவிடும்.

தினமும் பச்சைப்புல் கொடுக்குறேன். அப்போ வைட்டமின் சி தனியா வேணாம்தானே?

வேண்டும். மனிதர்களைப் போலவே இவற்றாலும் அந்த வைட்டமினை உடம்பில் தயாரிக்க முடியாது. கிலோ எடைக்கு தினம் 10 முதல் 30 மில்லிகிராம் தேவை. புல்லில் இருப்பது பருவத்துக்கும் மண்ணுக்கும் ஏற்ப மாறும், அதை மட்டும் நம்பக் கூடாது. கொய்யாவில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 200 மில்லிகிராம் இருக்கிறது. தினம் கட்டைவிரல் நுனி அளவு ஒரு துண்டு, அல்லது விதை நீக்கிய குடைமிளகாய் ஒரு துண்டு, கூடக் கொஞ்சம் கொத்தமல்லித் தழை, முடிந்தது வேலை. குடிதண்ணீரில் கலக்கும் சொட்டு மருந்து வெளிச்சத்திலும் சூட்டிலும் வீரியம் இழந்துவிடும், தண்ணீர் ருசி மாறிக் குடிக்காமலும் போகலாம். நொண்டுவது, தொட்டால் கத்துவது, முடி சொரசொரப்பாவது எல்லாம் குறைபாட்டின் அறிகுறிகள்.

புல் சாப்பிட்ட ராத்திரியில இருந்து வயிறு உப்பி, மூலையில உக்காந்திருக்கு. ஓமத்தண்ணி கொடுக்கலாமா?

கைவைத்தியம் வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள். கினிப்பன்றி அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே அவசர நிலை. வயிறு மத்தளமாக இறுகியிருந்தாலும், பல்லை நறநறவென்று கடித்தாலும், புழுக்கையே போடாமல் இருந்தாலும் காலைவரை காத்திருக்காதீர்கள். புதுச்சேரியில் இருப்பவர்களுக்குக் குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கே போனாலும் முதலில் போன் செய்து கினிப்பன்றி பார்ப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தின்ற புல்லில் கொஞ்சத்தையும், கிடைத்தால் புழுக்கையையும் ஒரு கவரில் எடுத்துப் போனால் அவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இன்னொன்றை மறக்கவே கூடாது. பென்சிலின், அமாக்சிசிலின் வகை மருந்துகளை வாய்வழி கொடுத்தால் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து பிராணி இறந்துபோகலாம். நாய்க்கோ பூனைக்கோ வாங்கி வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைக் கினிப்பன்றிக்கு உடைத்துக் கொடுக்காதீர்கள்.

காய்ந்த புல்லையும் நாமளே செஞ்சுக்க முடியுமா?

மாசியில் இருந்து ஆனிவரை முடியும். அருகம்புல்லையோ கதிர் வராத கொழுக்கட்டைப்புல்லையோ நீளமாக அறுத்து, வலைத்துணியின் மேல் மெல்லிசாகப் பரப்பி, காற்றோட்டமான நிழலில் தினம் இருமுறை புரட்டுங்கள். இரண்டு மூன்று நாளில் முறுக்கினால் நொறுங்கும் பதம் வரும், நிறம் பச்சையாகவே இருக்கும். நேர் வெயிலில் போட்டால் வெளுத்துச் சத்துப் போய்விடும். துணிப்பையில் கட்டித் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் கவரில் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். கோதுமைப்புல் இதற்குச் சரிவராது, சுருங்கி ஒன்றுமில்லாமல் போகும். வைக்கோலைப் படுக்கையாகப் போடலாம், கடிக்கவும் செய்யும், ஆனால் சத்துக் குறைவு என்பதால் உணவாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

புயல் வந்து நாலு நாள் வெளியே போக முடியலன்னா என்ன கொடுக்கிறது?

நம் ஊருக்கு இது சும்மா கேட்கும் கேள்வி இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில்தான் கரை கடந்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கடை இருக்காது, கூரியர் வராது, மின்சாரமும் இருக்காது.

ஐப்பசி பிறக்கும் முன்பே நான்கு வாரத்துக்கான காய்ந்த புல்லை, வாங்கியதோ மேலே சொன்னபடி காயவைத்ததோ, தரையில் இருந்து உயரமான இடத்தில் கட்டி வைத்துவிடுங்கள். துணிப்பைக்குள் ஈரக்காற்று ஏறும், அதனால் மழை மாதங்களில் மட்டும் நன்கு காய்ந்த பிறகு மூடி உள்ள தகர டின்னுக்கு மாற்றலாம். வாரம் ஒருமுறை திறந்து முகர்ந்து பாருங்கள். புயல் எச்சரிக்கை வந்த அன்றே ஒரு தட்டுக் கோதுமையை ஊறவையுங்கள், வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்தாலும் மழை விடும் நேரத்துக்குப் பச்சை வந்திருக்கும். அருகம்புல் தொட்டிகளைச் சுவரோரம் ஒன்றாக நெருக்கி, தண்ணீர் வடியும்படி சாய்த்து வையுங்கள். ஓரிரு நாள் மூழ்கினால் அருகுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தெருத்தண்ணீர் ஏறிய தொட்டியில் சாக்கடையும் எலி மூத்திரமும் கலந்திருக்கும். அதை ஒட்ட வெட்டி எறிந்து, நல்ல தண்ணீரால் மண்ணை இரண்டு மூன்று நாள் அலசி, அடுத்து வரும் தளிரையும் வெட்டிப் போட்டுவிட்டு, அதற்கடுத்த தளிரில் இருந்து கொடுங்கள்.